கணக்கும் கடனும் பெண்களும்: ஒரு வரலாற்று நோக்கு

பெண்கள் தொழில் செய்து முன்னேற வேண்டுமாயின் அவர்களுக்கு முதற்கண் நிதியறிவு புகட்டப்படல் வேண்டும் என்ற குரல் இன்று பல திசைகளிலிருந்தும் எழுகின்றது. மத்திய வங்கிகள் கூறுகின்றன. சர்வதேச நிறுவனங்கள் கூறுகின்றன. கடன் கொடுத்து வட்டி வாங்கும் கம்பனிகளுங்கூடக் கூறுகின்றன. சனசமூக நிலையங்களிலும் பாடசாலை மண்டபங்களிலும் பெண்கள் கூட்டப்பட்டு, வரவுசெலவு எழுதுவது எவ்வாறு, சேமிப்பது எவ்வாறு, இலாபத்தைக் கணிப்பது எவ்வாறு என்று கற்பிக்கப்படுகின்றனர். கல்வி எவ்வாயிலால் வரினும் அதனை வரவேற்பதே நமது முறை. எனினும், ஒரு கல்வி முயற்சியை மதிப்பிடும்பொழுது அது எதைக் கற்பிக்கின்றது என்பதோடு எதைக் கற்பியாது விடுகின்றது என்பதையும் நாம் நோக்குதல் வேண்டும். அதற்கு வரலாறே தக்க துணையாகும்.

இவ்வகுப்புகளுக்கு அடிப்படையாக ஓர் எண்ணம் உண்டு. ஏழைப் பெண் கடனில் மூழ்குவதற்குக் காரணம் அவளுடைய கணக்கறியாமை. கணக்கறிவு ஊட்டப்படின் வறுமை தானே விலகும் என்பதே அது. மேலோட்டமாக நோக்குவோருக்கு இது நியாயமாகவே தோன்றும். ஆயினும் நமது கிராமங்களையும் தோட்டங்களையும் நகரத்துக் குடிசைகளையும் அறிந்த எவரும் இதனை அப்படியே ஏற்றுக்கொள்ள இயலாது.

சீட்டுப் பிடிக்கும் வழக்கத்தை எடுத்துக்கொள்வோம். அயலிலுள்ள பத்துப் பெண்கள் சேருகின்றனர். ஒவ்வொருவரும் மாதந்தோறும் ஒரே தொகையை இடுகின்றனர். ஏலச் சீட்டாயின், யாருக்குத் தேவை கூடுதலோ அவள் தனக்கு வரவேண்டிய தொகையிற் பெரிய கழிவைக் கூறிச் சீட்டை எடுக்கின்றாள். அக்கழிவு மற்றையோருக்குப் பகிரப்படுகின்றது. இன்று கைக்கு வரும் பணத்துக்கும் பத்து மாதத்தின் பின் வரும் பணத்துக்கும் உள்ள பெறுமதி வேற்றுமையை மனத்தாற் கணிக்கத் தெரியாத ஒருத்தி இதிலே பங்குகொள்ள முடியாது. வங்கியாளரின் பாடநூலிலே தனி அத்தியாயமாக அமையும் விடயத்தை இப்பெண்கள் அடுப்படியில் இருந்தவாறே கணித்து முடிக்கின்றனர். உலையில் இடும் அரிசியில் ஒரு பிடியை நாள்தோறும் ஒதுக்கிவைத்த பிடியரிசி வழக்கமும் இத்தகையதே. கூலி வாரத்துக்கொரு முறை வரும்; பசி நாளுக்கு மூன்று முறை வரும். இவ்விரண்டையும் பொருத்திக் குடும்பத்தை நடத்துபவள் எந்தக் கணக்காளருக்கும் இளைத்தவள் அல்லள். 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்ற பழமொழியை நாவிலே வைத்திருக்கும் சமுதாயத்தின் பெண்களுக்கு அளவு தெரியாது என்று கூறுவது எங்ஙனம் பொருந்தும்?

அவர்களுக்கு இல்லாதது வேறொன்று. வட்டி வீதம் நிர்ணயிக்கப்படும் மேசையிலும், கடன் பத்திரம் எழுதப்படும் மேசையிலும், விளைபொருளுக்கு விலை குறிக்கப்படும் மேசையிலும் அவர்களுக்கு இருக்கை இல்லை. கணக்கு அவர்களைப் பற்றி எழுதப்படுகின்றது, அவர்களால் எழுதப்படுவதில்லை. இவ்வேற்றுமையை மனத்திற் கொண்டு வரலாற்றைப் புரட்டுவோம்.

* * *

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்திலே, 1870 ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, மணமான பெண் உழைத்துப் பெற்ற ஊதியங்கூடச் சட்டப்படி அவளுடைய கணவனுக்கே உரியதாயிருந்தது. 1882 ஆம் ஆண்டுச் சட்டமே அவளைத் தன் சொத்துக்கு உரிமையாளராக ஏற்றுக்கொண்டது. உலகின் தொழிற்சாலை என்று போற்றப்பட்ட நாட்டின் நிலை இது. ஆனால் அந்நாட்டிலேயே, 1844 இல் றொச்டேல் நகரத்து நெசவாளரும் பிற தொழிலாளரும் தொடக்கிய கூட்டுறவுக் கடை, 1846 இலே எலிசா பிரையர்லி என்ற பெண்ணை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. சட்டம் மூடிவைத்த கதவைத் தொழிலாளரின் கடை திறந்துவிட்டது எனலாம். அக்கூட்டுறவாளர் தமது மிகுதிப் பணத்தில் ஒரு பங்கைக் கல்விக்கென ஒதுக்கினர். வாசிகசாலையும் நூலகமும் அமைத்தனர். பின்னர் 1883 இலே தோன்றிய கூட்டுறவுப் பெண்கள் சங்கம், தொழிலாள வர்க்கப் பெண்கள் கூட்டம் நடத்தவும் கணக்குச் சமர்ப்பிக்கவும் மேடையேறிப் பேசவும் பழகிய பள்ளியாக விளங்கியது.

இங்கே நாம் கருத்தூன்றி நோக்கவேண்டியது நிகழ்ச்சிகளின் ஒழுங்குமுறையாகும். கடையிலே அவர்களுக்குப் பங்கு இருந்தது. பங்கு இருந்தமையால் கணக்குப் பார்க்கவேண்டிய தேவை எழுந்தது. தேவை எழுந்தமையால் கல்வி பயன் தந்தது. உரிமை முன்னே சென்றது. பயிற்சி அதன் பின்னே வந்தது.

நமது நாட்டின் நிலை யாது? ஒல்லாந்தர் காலத்திலே, 1707 ஆம் ஆண்டில், எழுத்துருவில் நடைமுறைக்கு வந்த தேசவழமை, முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தை மூவகையாக வகுத்தது. பெண்ணுக்குச் சொத்துண்டு என்று யாழ்ப்பாணத்தார் பெருமை பேசுவதற்கு ஆதாரம் அதுவே. ஆனால் சொத்துடைமை வேறு. அச்சொத்தை ஆளும் அதிகாரம் வேறு. 1911 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைச் சட்டம், மனைவியின் சொத்தை அவளுடைய தனிச்சொத்தென ஏற்றுக்கொண்ட போதிலும், காணியையோ வீட்டையோ கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டுமென விதித்தது. கணவன் அவளைக் கைவிட்டுச் சென்றாலும், அவன் இருக்குமிடம் அறியப்படாதொழிந்தாலும், அவள் மாவட்ட நீதிமன்றத்துக்கு மனுச்செய்து அனுமதி பெறல் வேண்டும். 1923 இல் வந்த விவாகமான பெண்களின் சொத்துச் சட்டம் பொதுச் சட்டத்துக்கு உட்பட்ட பெண்களை இத்தகைய தளையிலிருந்து விடுவித்தது. தேசவழமைக்கு உட்பட்ட பெண்களை அது தீண்டவில்லை.

இது ஏட்டுச் சட்டத்தைப் பற்றிய விவாதம் அன்று. 2009 இலே போர் முடிவுற்றபொழுது வடக்கிலும் கிழக்கிலும் கணவர் உயிரோடு உள்ளாரா இல்லையா என்பதே அறியாத பெண்கள் பல்லாயிரவர். இவர்களுள் ஒருத்தி, சீதனக் காணியைத் தன் பெயரில் வைத்திருந்தும், அதனை ஈடுவைத்து வங்கிக் கடன் பெற்றுத் தையற்கடையோ கோழிப்பண்ணையோ தொடங்க விரும்பினாள் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு வகுப்பிலே அவள் முதலிடம் பெற்றாலும், நீதிமன்ற வாசலை மிதியாமல் வங்கி வாசலை மிதிக்க முடியாது. அவளுக்கு எஞ்சிய வழி, ஈடு எதுவும் கேளாது, அயற்பெண்களின் பிணையை மாத்திரம் கேட்டு, வீட்டு வாசலுக்கே வந்து நிற்கும் கடன்தான். அக்கடன் எங்கிருந்து வந்தது என்பதைப் பின்னர் காண்போம். அதற்கு முன், ஈடுவைக்க யாதுமற்ற பெண்கள் தாமே கூடித் தமக்கென ஒரு வங்கியை அமைத்த வரலாற்றை அறிந்துகொள்ளுதல் நலம். அது நமது அண்டை நாட்டிலே நிகழ்ந்தது.

* * *

குஜராத்தின் அகமதாபாத் நகரம் ஆடை ஆலைகளால் வளர்ந்தது. 1918 இலே அங்கு நடைபெற்ற ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் காந்தியடிகளின் உண்ணாவிரதத்தாற் பெயர்பெற்றது. அப்போராட்டத்தின் வழியாக 1920 இல் உருவான தொழிற்சங்கமே மஜூர் மகாஜன். அனசூயா சாராபாய் என்ற பெண்மணி அதன் தோற்றத்திற்கு முன்னின்றார். ஆயினும் பிற்காலத்தில் அச்சங்கம் பெண்களை ஆலைத் தொழிலாளரின் மனைவியராகவே பெரிதும் கண்டது. 1954 இல் அமைக்கப்பட்ட அதன் மகளிர் பிரிவு தையல் முதலான பயிற்சிகளை அளித்தது. 'பயிற்சி கொடு, பெண் முன்னேறுவாள்' என்ற எண்ணம் அன்றும் இருந்தது.

1968 இலே அப்பிரிவின் தலைமையை ஏற்ற ஏலா பட் என்ற சட்டத்தரணி, ஆலைக்கு வெளியே உழைக்கும் பெண்களைக் கண்டார். துணிச் சந்தையில் தலைச்சுமை தூக்குவோர், மரக்கறி விற்போர், பழந்துணி விற்போர், பீடி சுற்றுவோர் ஆகிய இவர்கள் எந்தக் கணக்கெடுப்பிலும் தொழிலாளராக இடம்பெறாதவர்கள். 1971 இறுதியில் இவர்கள் சுயதொழில் புரியும் பெண்களின் சங்கத்தை அமைத்தனர். அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் கூடிச் 'சேவா' என்றாயின. தொழிற்சங்கமாகப் பதிவுசெய்யச் சென்றபொழுது, உங்களுக்கு முதலாளி யார், யாரை எதிர்த்துப் போராடப் போகின்றீர்கள் என்று பதிவதிகாரிகள் வினவினர். தொழிற்சங்கம் முதலாளியை எதிர்ப்பதற்கு மாத்திரமன்று, தொழிலாளர் ஒன்றுபடுவதற்கும் ஆகும் என்று சங்கத்தார் வாதிட்டு, 1972 ஏப்பிரலிலே பதிவு பெற்றனர்.

இப்பெண்களின் முதற் குறை கடன் பற்றியதாகும். காலையில் 50 ரூபாவை வாங்கி மரக்கறி கொள்வனவு செய்யும் ஒருத்தி மாலையில் 55 ரூபாவாகத் திருப்பிக் கொடுப்பாள். ஒரு நாளைக்குப் பத்து வீத வட்டி! அவளுக்கு இது கொள்ளை என்பது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் விடியற்காலையில் அவள் கையிற் பணம் வைப்பதற்கு வேறொருவரும் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும். 1969 இலே இந்திய அரசாங்கம் 14 பெரிய வங்கிகளைத் தேசிய உடைமையாக்கி, ஏழைகளுக்குக் கடன் வழங்குமாறு பணித்திருந்தது. சேவா இடைநின்று இவ்வங்கிகளிடம் பெண்களை அனுப்பியது. ஆனால் அழுக்கேறிய சேலையும் இடுப்பிற் குழந்தையுமாக வந்த பெண்களை வங்கிக் கருமபீடம் அன்போடு வரவேற்கவில்லை. வங்கி திறந்திருக்கும் நேரம் அவர்களின் வியாபார நேரம். அவர்களுக்கு ஓய்வு கிடைக்கும் நேரத்தில் வங்கி பூட்டப்பட்டிருந்தது. உடைமை மாறியது, கருமபீடம் மாறவில்லை.

1973 இறுதியிலே நடைபெற்ற ஒரு கூட்டத்தில், பழந்துணி விற்கும் பெண்ணொருத்தி எழுந்து, நமக்கென ஒரு வங்கியை நாமே ஏன் தொடங்கக்கூடாது என்று வினவினாள். நம்மிடம் பணமேது என்ற மறுமொழிக்கு, நாம் ஏழைகளாயினும் எண்ணிக்கையிற் பலர் அல்லவா என்ற கருத்துப்பட விடையிறுத்தாள். 4000 பெண்கள் ஆளுக்குப் 10 ரூபா பங்குப்பணம் இட்டனர். 1974 மே 20 ஆம் நாள் சேவா மகளிர் கூட்டுறவு வங்கி பதிவுசெய்யப்பட்டது.

அப்பதிவுக்கு முன்னர் நிகழ்ந்த ஒன்றைச் சேவா இயக்கத்தார் இன்றும் நினைவுகூர்வர். கையெழுத்திடத் தெரியாத பெண்கள் எவ்வாறு வங்கியின் இயக்குநராக முடியும் என்ற தடை எழுந்தது. இயக்குநராக வேண்டிய பெண்கள் ஓரிரவு முழுவதும் கண்விழித்துத் தத்தம் பெயரை எழுதப் பழகி, மறுநாள் அதிகாரியின் முன்னிலையிற் கையொப்பமிட்டனர். நிதியறிவுப் பயிற்சியின் வரலாற்றை எழுதப் புகுவோர் இவ்விரவையே அதன் முதல் அத்தியாயமாகக் கொள்ளல் வேண்டும். ஓர் இரவில் அவர்கள் அதனைக் கற்றமைக்குக் காரணம் ஆசிரியரின் திறமை அன்று. எழுதவேண்டிய பத்திரம் தமது சொந்த வங்கியின் பத்திரமாயிருந்தமையே ஆகும்.

எழுத்தறியாத வாடிக்கையாளரை அடையாளம் காண்பது எங்ஙனம் என்ற அடுத்த வினாவுக்கும் அவர்கள் விடை கண்டனர். கணக்கிலக்கம் எழுதிய சிலேற்றைக் கையிற் பிடித்தவாறு எடுக்கப்பட்ட ஒளிப்படம் வங்கிப் புத்தகத்தில் ஒட்டப்பட்டது. பெண்கள் வங்கிக்கு வர நேரமில்லாத இடத்து, வங்கியின் பணியாளர் சந்தைக்கும் வீட்டுக்கும் சென்று சிறுதொகைகளைச் சேகரித்தனர். வாடிக்கையாளரின் குறை என்று பிறர் கருதியதை வங்கியின் குறையாகக் கருதித் திருத்தியமையே இங்கு நாம் காணும் புதுமை. அடகில் மூழ்கவிருந்த நகையையும் ஈட்டில் இருந்த நிலத்தையும் மீட்பதற்கு வங்கி கடன் கொடுத்தது. மீட்ட சொத்து பெண்ணின் பெயருக்கு எழுதப்படவேண்டும் என்று வற்புறுத்தியது.

கடன் மாத்திரம் போதாது என்பதையும் அவர்கள் விரைவிலே கண்டுகொண்டனர். மானெக் சௌக் என்ற சந்தையிலே தலைமுறை தலைமுறையாக மரக்கறி விற்ற பெண்களைப் பொலிசார் விரட்டுவதும் தண்டம் அறவிடுவதும் வழக்கமாயிருந்தன. குறைந்த வட்டியிலே கடன் பெற்றாலும், அதிலே மிஞ்சும் பணம் தண்டத்துக்கும் கையூட்டுக்கும் போய்விடின் என்ன பயன்? சேவா உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1984 இலே அப்பெண்கள் அங்கிருந்து விற்கும் உரிமையைப் பெற்றனர். எந்தப் பாடநூலின் செலவுப் பட்டியலிலும் காணப்படாத ஒரு செலவு இவ்வாறு கூட்டுப் போராட்டத்தால் நீக்கப்பட்டது. முறைப்படுத்தப்பட்ட நிதியறிவு வகுப்புகளைச் சேவா பெரிதாக நடத்தத் தொடங்கியது 2000 ஆம் ஆண்டுக்குப் பின்னரே. அப்பொழுது சங்கமும், வங்கியும், சட்டப் போராட்ட அனுபவமும் அவ்வகுப்புகளுக்குப் பின்னே நின்றன. சேவா வறுமையை ஒழித்துவிட்டது என்று நாம் கூறவில்லை. ஒரு நகரத்தின் வறுமையைத் தனியொரு கூட்டுறவு வங்கி ஒழித்துவிட முடியாது. நாம் சுட்டுவது வழியின் ஒழுங்குமுறையையே.

* * *

இனி, வீட்டு வாசலுக்கு வந்து நின்ற கடனின் வரலாற்றைக் காண்போம். பங்களாதேசத்தின் ஜோப்ரா கிராமத்திலே, 1976 இல், பொருளியற் பேராசிரியர் முகம்மது யூனுஸ் 42 பேருக்குத் தேவைப்பட்ட 856 தக்காவைத் தம் கையிலிருந்து கொடுத்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. அதிலிருந்து 1983 இலே கிராமின் வங்கி உருவாயிற்று. ஈடு வேண்டியதில்லை, பெண்களின் குழுவே பிணை என்பது அதன் முறை. 1997 இல் வாஷிங்டனிலே கூடிய மாநாடு இம்முறையை உலகத்தின் வறுமைக்கு மருந்தாக அறிவித்தது. 2006 இலே நொபெல் பரிசும் கிட்டியது.

ஆயின், ஏழைப் பெண்கள் தவறாது கடனைத் திருப்பிக் கட்டுவர் என்ற உண்மையை முதலீட்டாளரும் அறிந்துகொண்டனர். 2007 இல் மெக்சிக்கோவின் கொம்பார்ட்டாமோஸ் என்ற நுண்கடன் வங்கியின் பங்குகளும், 2010 இல் ஐதராபாத்தின் எஸ்.கே.எஸ். கம்பனியின் பங்குகளும் பங்குச் சந்தையில் விலைபோயின. அதே 2010 இலே, கடனாளிகளின் தற்கொலைகள் பெருங் கொந்தளிப்பை உண்டாக்க, ஆந்திரப் பிரதேச அரசாங்கம் அவசரச் சட்டம் கொண்டுவரவேண்டியதாயிற்று. ஒற்றுமையின் அடையாளமாகத் தொடங்கிய பெண்கள் குழு, ஒருத்தி தவறினால் மற்றையோர் அவளை நெருக்கும் கண்காணிப்புப் படையாக மாற்றப்பட்டது.

நமது நாட்டிலே கூட்டுறவுக் கடனுக்கு நூற்றாண்டு கடந்த மரபு உண்டு. 1911 இலேயே கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. வடபகுதியிலே அவ்வியக்கம் வைத்தியசாலை நடத்துமளவுக்கு வேரூன்றியிருந்தது என்பதற்கு மூளாய் சாட்சி. போர் இவ்வமைப்புகளைச் சிதைத்தது. 2009 இன் பின், சிதைந்த கூட்டுறவைச் செப்பனிடுவதற்கு முன்னரே, கடன் கம்பனிகள் வீதிகளின் வழியே உள்ளே வந்துவிட்டன. கிழமைக்கொரு தவணை, மரநிழலிலே கூட்டம், குழுப் பிணை. ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன்; அதனைக் கட்ட மற்றொன்று. தெற்கிலே வரட்சியால் வாடிய வேளாண் மாவட்டங்களிலும் இதே நிலைதான்.

ஆசிரியரும் மாணவருமாகிய நமது வாசகர் ஒரு சிறு கணக்கைச் செய்து பார்க்கலாம். 50,000 ரூபா கடன். ஆண்டுக்கு 24 வீத நிலையான வட்டி. 52 கிழமைத் தவணைகள். வட்டி 12,000 ரூபா சேர்ந்து 62,000 ரூபாவாகின்றது. கிழமைக்கு ஏறத்தாழ 1,192 ரூபா கட்டவேண்டும். இதுவரை சரி. ஆனால் ஆறு மாதத்தின் பின் அவள் கையில் இருக்கும் முதல் 25,000 ரூபா அளவினதே. வட்டியோ 50,000 ரூபாவுக்கும் கணிக்கப்பட்டுக்கொண்டே இருக்கின்றது. குறைந்து செல்லும் முதலின்மேல் வைத்துக் கணித்தால் இக்கடனின் உண்மை வட்டி ஏறத்தாழ 44 வீதம். பத்திரத்திலே 24 என்றிருக்கும். வாழ்க்கையிலே 44 என்றிருக்கும். பத்திரச் செலவு, கட்டாயச் சேமிப்பு, காப்புறுதி என்று முன்கூட்டியே கழித்துக்கொண்டால் இன்னும் கூடும். இக்கணக்கைச் செய்ய ஒன்பதாம் வகுப்பு மாணவனும் சற்றுத் திணறுவான். கடன் கொடுப்போர் நடத்தும் எத்தனை வகுப்புகளிலே இந்தக் கணக்கு கரும்பலகையில் எழுதப்படுகின்றது?

2018 செப்டம்பரில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் வெளிநாட்டுக் கடன் பற்றிய சுயாதீன நிபுணர் யுவான் பப்லோ பொகோஸ்லாவ்ஸ்கி, நுண்கடன்களுக்கு ஆண்டுக்கு 220 வீதம் வரை வட்டி அறவிடப்படுவதையும், கடன் சேகரிப்போர் பெண்களிடம் பாலியல் இலஞ்சம் கோரும் கொடுமையையும் எடுத்துரைத்தார். அவ்வாண்டிலேயே அரசாங்கம் வரட்சியால் வாடிய 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை நீக்கும் திட்டத்தை அறிவித்தது. நிதிக் கம்பனிகளின் நுண்கடன் வட்டிக்கு 35 வீதம் என்ற உச்ச வரம்பை மத்திய வங்கி விதித்தது. இவை கருணையால் விளைந்தவை அல்ல. ஊர்தோறும் பெண்கள் எழுப்பிய குரலால் விளைந்தவை. 2021 மார்ச் 8 ஆம் நாள், உலகப் பெண்கள் தினத்தன்று, பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையிலே கடனால் நலிந்த பெண்கள் தொடங்கிய சத்தியாக்கிரகம் ஐம்பது நாளுக்கு மேலும் நீடித்தது.

2022 ஏப்பிரல் 12 ஆம் நாள் இலங்கை அரசாங்கமே தனது வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்ததை ஈண்டு நினைவுகூர்தல் தகும். நாட்டின் கடனுக்குத் தவணை நீடிப்பு உண்டு, பேச்சுவார்த்தை உண்டு, மறுசீரமைப்பு உண்டு. திறைசேரி அதிகாரிகளை யாரும் சனசமூக நிலையத்திலே கூட்டிவைத்துச் சிக்கனம் போதிக்கவில்லை. இரண்டு தவணை தவறிய பெண்ணுக்கோ படலையடியில் ஏச்சும், நிதியறிவு வகுப்புக்கு ஓர் அழைப்பும்!

* * *

பயிற்சியின் பயனைப் பற்றி நம் நாட்டிலேயே நடைபெற்ற ஆராய்ச்சிகள் உள. சுரேஷ் டி மெல், டேவிட் மக்கென்சி, கிறிஸ்தோபர் வூட்ரவ் ஆகிய மூவரும் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களின் சிறுதொழிலாளரிடையே 2005 முதல் ஆய்வு நடத்தினர். குலுக்கல் முறையிலே தெரிந்தெடுக்கப்பட்டோருக்கு 10,000 அல்லது 20,000 ரூபா நன்கொடையாக வழங்கப்பட்டது. ஆண்களின் தொழில்களில் இலாபம் பெருகியது. பெண்களின் தொழில்களிற் சராசரியாகப் பெருகவில்லை. பின்னர், கொழும்பிலும் கண்டியிலும் பெண்களுக்குத் தொழில் நடத்தும் பயிற்சி அளித்து ஆராய்ந்து, 2014 இலே முடிவுகளை வெளியிட்டனர். சர்வதேசத் தொழிலாளர் நிறுவனத்தின் பாடத்திட்டமே அங்கு கற்பிக்கப்பட்டது. 1970களிலே சுவீடன் நாட்டு முதலாளிமார் சங்கம் தன் சிறு தொழிலதிபருக்கென ஆக்கிய பாடத்திலிருந்து வளர்ந்தது அத்திட்டம்.

முடிவு யாது? ஏற்கெனவே தொழில் செய்துவந்த பெண்கள் பயிற்சியினால் நடைமுறைகள் சிலவற்றைத் திருத்திக்கொண்டனர், இலாபமோ கூடவில்லை. பயிற்சியோடு 15,000 ரூபா நன்கொடையும் பெற்றோருக்கு முதற் சில மாதங்களில் இலாபம் நன்கு உயர்ந்தது. இரண்டாம் ஆண்டில் அவ்வுயர்வு மறைந்தது. புதிதாகத் தொழில் தொடங்க விரும்பியோர் மாத்திரம் பயிற்சியால் விரைவாகத் தொடங்கினர். இதன் காரணத்தை நாம் இவ்வாறு விளங்கிக்கொள்கின்றோம். இடியப்பம் அவிப்பதும் தும்பு திரிப்பதும் தைப்பதுமாகிய சில தொழில்களுக்குள்ளேயே சமுதாயம் பெண்களை ஒதுக்கி நிறுத்தியுள்ளது. ஒரே தெருவிலே பத்துப் பெண்கள் இடியப்பம் விற்கையில், பத்துப் பேரும் கணக்கெழுதினாலும் வாங்குவோர் தொகை பெருகிவிடாது.

அகமதாபாத்திலே சேவா வங்கியின் வாடிக்கையாளரிடையே நடத்தப்பட்டு, 2016 இல் வெளிவந்த ஆய்வொன்று இன்னொரு பக்கத்தைக் காட்டுகின்றது. இரு நாட்பயிற்சிக்குச் சிலர் தனித்தும், சிலர் ஒரு தோழியுடனும் அழைக்கப்பட்டனர். தோழியோடு வந்தவர்களே பின்னர் கூடுதலாகத் தொழில் முயற்சியில் ஈடுபட்டனர். வீட்டார் கட்டுப்பாடு மிகுந்த சமூகப் பெண்களிடத்தே இவ்விளைவு மேலும் வலுப்பெற்றது. பாடம் ஒன்றே, ஆசிரியர் ஒருவரே. பக்கத்திலே ஒரு தோழி அமர்ந்திருந்தமையே வேற்றுமை. தனித்து நின்ற பெண்ணுக்கு அறிவுரையாகப் பட்டது, துணையோடு நின்ற பெண்ணுக்குத் துணிவாக மாறியது.

நம் நாட்டிலும் இதற்குச் சான்றுண்டு. கொழும்பின் குடிசைப் பகுதிகளிலே 1989 இல் தொடங்கி 1991 இல் கூட்டுறவுச் சங்கமாகப் பதிவுபெற்ற 'பெண்கள் வங்கி', ஐந்து முதல் பத்துப் பெண்கள் கூடிக் கிழமைக்கு ஐந்து ரூபா சேமித்த சிறு குழுக்களிலிருந்து வளர்ந்தது. குழுவின் கணக்கைக் குழுவின் பெண்களே எழுதினர். கடனைத் தீர்மானித்தோரும் அவர்களே. வட்டியும் அவர்களுடைய நிதியிலேயே சேர்ந்தது. அங்கே கணக்கெழுதக் கற்றவள் தன்னைத் தானே ஆளக் கற்றாள்.

ஆகவே, நிதியறிவுப் பயிற்சி வேண்டாம் என்பது நமது வாதமன்று. அது யாருடைய கையில், எதன் பொருட்டு, எந்தப் பாடத்தோடு நடைபெறுகின்றது என்பதே வினா. கடன் கொடுப்போரின் கையிலுள்ள பயிற்சி, தவணை தவறாமையை ஓர் ஒழுக்கமாகப் போதிக்கும். வட்டியை மழை வெயில் போன்ற இயற்கை நியதியாகக் காட்டும். உழைக்கும் பெண்களின் கையிலுள்ள பயிற்சியோ அவ்வட்டியை விதித்தவர் யார் என்று கேட்கும்.

இவ்விடத்தில் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. நமது கிராமங்களிலே மாலை வகுப்புகள் தொடங்கப்படல் வேண்டும். அவற்றின் முதற் பாடம், அப்பெண்கள் ஏற்கெனவே ஒப்பமிட்டுள்ள கடன் பத்திரத்தைத் தமிழிலே வரிவரியாக வாசித்தலாக இருக்கட்டும். இரண்டாம் பாடம், நிலையான வட்டிக்கும் குறைந்துசெல்லும் வட்டிக்குமுள்ள வேற்றுமை. மூன்றாம் பாடம், அவர்களது உற்பத்தி கைமாறிச் சந்தையை அடையும்பொழுது விலை எங்கே, யாரால் கூட்டப்படுகின்றது என்பது. நான்காம் பாடம், கூட்டுறவுச் சங்கம் ஒன்றைப் பதிவுசெய்வது எவ்வாறு, அதன் ஆண்டறிக்கையைக் கேள்விக்குட்படுத்துவது எவ்வாறு என்பது. 1911 ஆம் ஆண்டுச் சட்டத்தின் தளையை நீக்குமாறு கோரும் குரலும் இவ்வகுப்புகளிலிருந்தே எழுதல் வேண்டும்.

அகமதாபாத்தின் பெண்கள் ஓரிரவிலே தம் பெயரை எழுதக் கற்றனர். நம் பெண்களுக்குப் பெயரெழுத நன்றாகத் தெரியும். வாசிக்க விடப்படாத எத்தனையோ பத்திரங்களில் அவர்கள் அதனை எழுதியே வந்திருக்கின்றனர். இனி அவர்கள் ஒப்பமிடுவது தமது சொந்தச் சங்கத்தின் ஏட்டிலாக அமையட்டும். அதற்கான கல்வியை அவர்களோடு அமர்ந்து கற்பதும் கற்பிப்பதும் நமது பணியாகும்.